முன்றிலுக்கு அடம்பு



பினாங்கின் இரண்டாவது பாலம் 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர், சுங்கை பாக்காப்பிலிருந்து பத்து காவானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சில உண்டு. அவர்களுள் ஒரு மாணவரின் தாயார், "டீச்சர், வாசலில் புல் நட்டால் காய்ந்து போகிறது. வேறென்ன நடலாம்?" என்று கேட்டார். பயனுள்ள கேள்வி என்பதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

அயல்நாட்டுத் தோட்டக்கலை நூல்களில் 'என்றும் பசுமையான தரைப்படர் செடிகள்' என்று தனிப்பட்டியல் இருக்கும். பனிக்காலத்தில் இலையுதிரும் நாடுகளுக்கு அது தேவை. நமக்கோ பெரும்பாலானவை என்றும் பசுமைதான். சனவரி, பிப்ரவரி மாத வறட்சியையும் உப்புக்காற்றையும் முழுநாள் வெயிலையும் எது தாங்கும் என்பதே நாம் கேட்க வேண்டியது.

நாற்றுக் கடைகளில் எளிதில் கிடைப்பது, மஞ்சள் பூப்பூக்கும் வெடெலியா. தண்டை ஒடித்து ஊன்றினாலே பிழைக்கும், உப்பையும் தாங்கும். ஆயினும், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. வெட்டி எறிந்த துண்டும் கால்வாயோரத்தில் வேர்விடும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

அடுத்தது காச்சாங் பிந்தோய். நிலக்கடலையின் உறவினம், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணை வளப்படுத்தும். இரப்பர்த் தோட்டங்களில் நம் பெரியவர்கள் மரவரிசைகளுக்கிடையே வளர்த்த பயற்றங்கொடிகள் செய்ததும் இதே வேலைதான். சுங்கை பாக்காப் வீடுகளுக்கு இது தாராளமாகப் பொருந்தும். உப்பேறிய நிலம் மட்டும் இதற்கு ஒவ்வாது.

எனவே கடலோர வீட்டுக்கு என் தேர்வு அடம்பு. தடித்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. கணுதோறும் வேரூன்றி மணலை இறுகப் பிடிக்கும். விதைகள் கடல்நீரில் மிதந்து கரைவிட்டுக் கரைசேரும். இலை நடுவே பிளந்திருப்பதால் மலாய் மொழியில் 'தாப்பாக் கூடா', அதாவது குதிரைக் குளம்பு. அறிவியற்பெயரோ ஆட்டுக்கால் என்கிறது. ஒரே இலையில் மலாய்க்காரர் குதிரையைக் கண்டனர், இலத்தீன் பெயரிட்டவர் ஆட்டைக் கண்டார்! குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களுள் 'அடும்பு' என வருவதும் இதுவே. நெய்தல் நிலத்துக் கொடியின் தமிழ்ப்பெயரை நம் பிள்ளைகள் வாசலிலேயே கற்கலாமே என்பதும் என் தேர்வுக்கு ஒரு காரணம்.

ஆனால் இக்கொடி பல மீட்டர் ஓடும். நிழலில் தழைக்காது. மூலைவீட்டுக்காரர்களுக்கே ஏற்றது. வரிசைவீட்டின் குறுகிய முன்றிலுக்குப் பொடுதலை போதும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பாட்டிமார் பறித்த அதே மூலிகைதான். தரையோடு பாயாய்ப் படரும். ஓரளவு மிதிபடவும் செய்யும். பூக்களுக்குத் தேனீ வருமாதலால், வெறுங்காலுடன் ஓடும் சிறுவர் உள்ள வீட்டில் பூக்களை அவ்வப்போது கத்தரித்துவிடுங்கள்.

அடம்பைக் கடற்கரையிலிருந்து வேரோடு பெயர்க்க வேண்டாம். அங்கே மணலைக் காப்பது அதுதான். வீட்டில் வளர்ப்பவரிடம் இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகள் வாங்கினால் போதும். மழை தொடங்கியதும் கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நட்டு, தரை மூடும்வரை களை பறித்து வாருங்கள்.