சூடு ஏறி இறங்கிய எரு

பச்சைச் சாணத்தைச் செடிக்கு வைக்காதீர்கள் என்று, வீட்டுத் தோட்டம் போடும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சாணம் இயற்கைதானே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். மண்ணுக்குள் போன பச்சைச் சாணம் அங்கே போய்த்தான் மக்கத் தொடங்கும். அப்போது கிளம்பும் சூடும் அமோனியாவும் இளவேரைக் கருக்கிவிடும். கரையான் தேடி வரும். மாடு தின்ற புல்லின் விதையெல்லாம் பாத்தியிலேயே முளைக்கும். இந்த மக்கலை மண்ணுக்கு வெளியே, நம் கண் முன்னால் நடத்தி முடித்த பிறகே செடிக்குக் கொடுக்க வேண்டும்.

எல்லா எருவும் ஒரே குணமுள்ளது அல்ல. மாட்டுச் சாணம் நிதானமானது. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவுதான் இருக்கும். ஆட்டு எருவிலும் கோழி எருவிலும் அது மூன்று சதவீதம் வரை போகும். அதனால் கோழி எரு வேகமானது. துணைக்குச் சருகும் வைக்கோலும் தாராளமாகச் சேர்க்காவிட்டால் மூக்கைத் துளைக்கும். அந்தக் காரமான நெடி வீட்டாருக்குத் தொந்தரவு என்பதைவிட, தழைச்சத்து காற்றோடு போகிறது என்பதுதான் என் கவலை. குவியலில் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று அமைந்தால் நுண்ணுயிர்கள் இரண்டையும் தின்று தம் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கோழி எருவில் இந்தக் கணக்கு பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. வைக்கோலில் எண்பதை ஒட்டி நிற்கிறது. தராசு வேண்டாம். நெடி வந்தால் சருகு போடுங்கள். நாள் போயும் சூடு ஏறாவிட்டால் எருவைக் கூட்டுங்கள்.

ஆட்டுப் புழுக்கைக்கு வேறு பக்குவம். அதன் மேல்தோல் இறுகியிருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. சிவகங்கைப் பக்கம் கிடை போடும் கீதாரி ஒருவர் எனக்குச் சொன்னார்: "காஞ்ச புழுக்கையை அப்படியே குமிச்சா காஞ்சபடியேதான் கிடக்கும் தாயி. நனையப் போட்டு, மிதிச்சு உடைச்சு, அப்புறமா குமி." அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். அந்தப் பக்கத்து ஆடுகள் சீமைக்கருவேலங்காயை விரும்பித் தின்னும். விதை அவற்றின் வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு உயிருடன் வெளியே வந்துவிடும். ஈரக் குவியலில் அது முளைத்தால் அங்கேயே பிடுங்கிவிடலாம். பாத்தியில் வேர்விட்ட பிறகு பிடுங்குவது பெரும்பாடு.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் மூன்றடிக்குக் குறையக் கூடாது. சிறிய குவியல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. சருகு ஓர் அடுக்கு, எரு ஓர் அடுக்கு, இடையிடையே தொழுவத்தில் மாட்டு மூத்திரம் ஊறிய மண். அந்த மண்ணை யாரும் மதிப்பதில்லை. சாணத்தை அள்ளிக்கொண்டு அதை விட்டுவிடுகிறார்கள். ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் தாங்கள் உருவாக்கிய மக்குரமுறையை 1931-இல் நூலாக வெளியிட்டார்கள். சாணத்தோடு அந்த மூத்திர மண்ணுக்கும் அதில் முக்கிய இடம் உண்டு. மாட்டுக் கழிவின் தழைச்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில் இருக்கும்போது அதை எப்படி விட முடியும்?

ஈரத்தைக் கைதான் சொல்லும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது. சூட்டுக்கு ஓர் இரும்புக் கம்பி போதும். நடுவில் செருகி வைத்துச் சற்று நேரம் கழித்து உருவினால், பிடிக்க முடியாத அளவுக்குக் கொதிக்க வேண்டும். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூன்று நாளாவது நின்றால் நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் மடியும். 70-ஐத் தாண்டவிட்டால் நமக்கு வேலை செய்யும் நுண்ணுயிர்களும் மடியும். சூடு நடுவில்தான் இருக்கும் என்பதால் புரட்டும்போது வெளியே கிடந்தது உள்ளே போக வேண்டும். புரட்டும் நாளில் எழும் ஆவியையும், அதில் புளிப்பு மாறி மண்வாசம் வருவதையும் நான் ஒவ்வொரு முறையும் ஆசையோடு எதிர்பார்க்கிறேன்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எருக்குழியில் பழுப்புத் தலையும் கொழுத்த வெள்ளை உடம்புமாகச் சுருண்டு கிடக்கும் பெரிய புழு, காண்டாமிருக வண்டின் குஞ்சாக இருக்கலாம். எருவில் வளர்ந்து, வண்டாகிப் பறந்து, தென்னங்குருத்தைக் குடையும். கிளறும்போதெல்லாம் பொறுக்கி எடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணம் வேளாண் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சூடு தணிந்த எருவில் கலந்தால் புழுக்களை நோயில் விழவைக்கும்.

சூடு இறங்கியதுமே அள்ளிவிடக் கூடாது. இன்னும் ஒரு மாதமாவது நிழலில் ஆறட்டும். பிறகு ஒரு தொட்டியில் எருவும் மண்ணும் கலந்து பச்சைப்பயறு ஊன்றிப் பாருங்கள். முளை நேராக, வெளுக்காமல் வந்தால் எரு பழுத்துவிட்டது. மழைக்காலத்தில் கீற்றுப் போட்டு மூடுங்கள். குவியலடியில் வழியும் பழுப்புத் தண்ணீரோடு சத்தும் போய்விடும். நாய், பூனைக் கழிவை எந்தக் குவியலிலும் சேர்க்காதீர்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் முழுதாக மக்கிய எருவைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பங்குனியில் குவித்தால் ஆடிப்பட்டத்துக்குக் கைக்கு வரும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது வேளாண் பரிந்துரை. வீட்டுப் பாத்திக்கு அது சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. நாற்று நடுவதற்கு முன்பே மண்ணோடு கலந்துவிடுங்கள்.