அச்சு தாங்கும் அளவு

2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. அன்றிரவு அப்பா அழைத்தார்.

“வண்டிய வித்துடலாமான்னு பாக்குறேன் தம்பி.”

என் அப்பா குளுவாங் வட்டாரச் சிறுதோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்பவர். எங்களிடம் இருப்பது பழைய ஹைலக்ஸ் ஃபோர் வீல். மாதம் ஏறக்குறைய 200 லிட்டர் டீசல் குடிக்கும். 430 வெள்ளியாக இருந்த செலவு 670 ஆகிவிட்டது. என் படிப்பும் அந்த வண்டியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அப்போது இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுமுறைக்குத் திரும்பியபோது ஒரு தீர்வோடுதான் போனேன். எங்கள் வண்டியின் அச்சிலுள்ள டிஃப்ரென்ஷியல் பல்சக்கர விகிதம் 4.1. அதாவது, சக்கரம் ஒருமுறை சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.1 முறை சுற்ற வேண்டும். அதை 3.6ஆகக் குறைத்தால், அதே வேகத்தில் 2,500 சுற்று சுற்றும் எஞ்சின் ஏறக்குறைய 2,200 சுற்றோடு நின்றுவிடும். சுற்று குறைந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் எண்ணெயும் மிச்சம். பழைய உதிரிபாகக் கடையில் விலைகூடக் கேட்டுவிட்டேன்.

அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு டன் குலையோட சேத்து மேடு ஏறுமா?”

எனக்குப் பதில் வரவில்லை. எஞ்சின் சுற்று 12 விழுக்காடு குறைந்தால், சக்கரத்துக்குப் போகும் இழுவிசையும் அதே 12 விழுக்காடு குறையும். நெடுஞ்சாலையில் வெறுமனே ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். செம்மண் மேட்டில் பாரத்தோடு ஏறும் வண்டியை இன்னும் கீழ் கியரில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த எண்ணெய் அங்கேயே போய்விடும். கிளட்சும் சீக்கிரம் தேயும். அதோடு, முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் நான்கு சக்கர இழுவையைப் போடும்போது இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை, குலை இறக்கிவிட்டு வந்த கையோடு அப்பா நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முன் இடது சக்கரத்தில் மட்டும் கையைச் சட்டென்று எடுத்தார். பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது! நானும் குனிந்து பார்த்தேன். முன் சக்கர மையத்தில் கையால் திருப்பும் திருகு இரண்டு பக்கமும் ‘லாக்’கிலேயே இருந்தது. டிசம்பர் மழைச் சேற்றுக்காகப் போட்டது, திருப்பவே மறந்துவிட்டோம். அதனால் தார்ச்சாலையில்கூட முன் அச்சும் அதன் பல்சக்கரங்களும் ஷாஃப்டும் பயனில்லாமல் சுழன்றுகொண்டிருந்தன. திருகை ‘ஃப்ரீ’யில் வைத்தோம். பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். டயர்களுக்குச் சரியான காற்றடித்தோம்.

ஜூலை மாதம் முழுவதும் அப்பா பழைய நாட்காட்டியின் பின்புறம் கணக்கு எழுதினார். முன்பு 1,600 கிலோமீட்டருக்கு 200 லிட்டர். இப்போது 178 லிட்டர். மிச்சம் ஏறக்குறைய 74 வெள்ளி. விலையேற்றத்தின் 240 வெள்ளியை அது ஈடுகட்டவில்லைதான். ஆனாலும் வண்டியை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

மயில் தோகையே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். அந்தக் குறள் இருப்பது ‘வலியறிதல்’ அதிகாரத்தில். அச்சை மாற்றக் கிளம்பிய நான், அது எந்தப் பாரத்தைச் சுமக்கிறது என்று கேட்கவே இல்லை. அப்பா முதலில் கேட்டதே அதைத்தான்.

இப்போது பல்கலைக்கழகப் பட்டறையில் ஓடி நின்ற எந்த இயந்திரத்தைப் பார்க்கப் போனாலும், கணக்குப் போடும் முன் மெல்லத் தொட்டுப் பார்க்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.