சித்தியின் ஜெபம்



கடந்த சனிக்கிழமை அதிகாலையில் நாங்கள் குடும்பமாய்ப் பெரியகுளத்திலிருந்து லோயர் கேம்புக்குச் சென்றோம். 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம். மேற்கே ஓடிய பெரியாற்றை அணையிட்டு மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் நம் பக்கம் திருப்பிய பொறியாளர் அவர். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அவருடைய சிலைக்கு முன்பாக நின்று தேவனுக்கு நன்றி செலுத்தினோம்.

பின்பு மலைப்பாதையேறிக் குமுளி எல்லையைக் கடந்தோம். சோதனைச் சாவடியைக் கண்டதும் 2011 டிசம்பர் மாதம் நினைவுக்கு வந்தது. முல்லைப் பெரியாறு அணையைக் குறித்த வழக்கு வீதிக்கு வந்த நாட்கள் அவை. இந்த எல்லையில் வாகனங்கள் நின்றுபோயின; நம் பக்கத்து மக்கள் திரள்திரளாய் இதே சாலையில் நடந்தார்கள். நானும் அந்நாட்களில் ஆலயத்தில், அணையின் நீர்மட்டம் குறையாதிருக்கவும் நம் உரிமை நிலைநிற்கவும் ஊக்கமாய் ஜெபித்தேன்.

அணைக்குக் கீழே, ஆற்றோரத்து வண்டிப்பெரியாறில் என் சித்தி வசிக்கிறார்கள். தேயிலைத் தோட்ட வேலைக்காக அங்கே குடியேறிய குடும்பம். உணவுக்குப் பின் அந்த டிசம்பரைப் பற்றிக் கேட்டேன்.

"மழை பெய்த இரவுகளில் நாங்கள் படுக்கவே இல்லை, தம்பி. ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பையில் போட்டு வாசலிலே வைத்திருந்தேன். அணை உடையுமா, உடையாதா என்று எனக்கென்ன தெரியும்? பயம் மட்டும் தெரியும்."

அவர்கள் என்னைக் குற்றப்படுத்தவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் ஒருமுறைகூட நான் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கவில்லை என்பதை என் மனச்சாட்சி எனக்கு உணர்த்தியது.

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில், ஈசாக்கின் வேலைக்காரர் வெட்டிய துரவுகளுக்காகக் கேராரூர் மேய்ப்பர் வாக்குவாதம் செய்தார்கள். ஏசேக்கு, சித்னா என்னும் இரண்டைவிட்டு அவன் கடந்துபோனான். ஆனாலும் தண்ணீர் தேடுவதை நிறுத்தவில்லை. மூன்றாவது துரவுக்கு ரெகொபோத் என்று பேரிட்டான். இடமுண்டானது என்பது அதன் பொருள்.

தண்ணீரைக் கேட்பது பாவமல்ல. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீரைத் தேக்க அனுமதித்தபோது நான் மகிழ்ந்தேன், இன்றும் மகிழ்கிறேன். ஆனால் என் ஜெபத்தில் என் சித்திக்கு இடமில்லாமற்போனதே, அது என் குற்றம்.

அன்பானவர்களே, வரப்புத் தகராறோ, சொத்து வழக்கோ, இந்த வாரம் உங்கள் நியாயத்தைக் கர்த்தரிடம் சொல்லும்போது, எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் பெயரையும் சொல்லி, அவருடைய பயத்துக்காகவும் ஜெபியுங்கள்.

நாங்கள் புறப்படும்போது சித்தி பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். "ஆண்டவரே, கீழே இருக்கிற அந்த வயல்களுக்கு இந்த வருஷமும் தண்ணீர் தாரும்" என்றார்கள். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று.