கேளாது வாங்கிய கீதம்

கல்கத்தா என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன ஹௌரா பாலமும், காளிகட்டமும், தக்ஷிணேசுவரமும், பேலூர் மடமுமே. தெற்கேயிருந்து வரும் உறவினரையும் நாம் இவ்விடங்களுக்கே அழைத்துச் செல்கிறோம். 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாறியும், நம் இல்லங்களில் இன்னும் கல்கத்தாவாகவே வழங்கிவரும் இந்நகருக்கு, வழிகாட்டி நூல்கள் அதிகம் பேசாத பெருமை ஒன்று உண்டு. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கேட்டு மகிழ்ந்த கிராமபோன் தட்டுகளில் மிகப் பல பிறந்த ஊர் இதுவே. அவற்றுள் எஞ்சிய சில, முதுமையில் வந்து ஒதுங்கியிருக்கும் ஊரும் இதுவே. பிறந்த இடத்தையும் ஒதுங்கிய இடத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கண்டு திரும்பலாம்.

டம்டம்

சியால்தாவில் லோக்கல் வண்டி ஏறினால் பிதான்நகர் ரோடு. அதற்கடுத்தது டம்டம் ஜங்ஷன். தோட்டாவுக்குப் பெயர் தந்த ஊர் என்று உலகம் இதனை அறியும். பாட்டுக்கு உருவம் தந்த ஊர் என்று அறிந்தவர் குறைவு. இங்கே ஜெஸ்ஸோர் சாலையில்தான் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை 1920-களின் இறுதியில் அமைந்தது. அதற்கு முன்னர், 1908-ஆம் ஆண்டளவிலேயே, அக்கம்பெனி சியால்தா பக்கத்தில் தட்டு அச்சிடத் தொடங்கியிருந்தது.

அதற்கும் முந்திய கதை இன்னும் சுவையானது. 1902-ஆம் ஆண்டு இறுதியில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இந்நகருக்கு வந்து, ஓட்டல் அறையொன்றில் பெரிய ஊதுகுழலை நிறுத்தி, கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களைப் பாடச் செய்தார். பதிவான பாட்டு கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று, தட்டாக அச்சாகித் திரும்பியது. பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை இன்றும் அத்தட்டுகளில் கேட்கலாம். எந்தத் தட்டில் எந்தச் சீட்டை ஒட்டுவது என்பது ஹானோவரில் இருந்தவர்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பர். பாட்டின் பொருள் அறியாத ஒருவர் அச்சிட, பாட்டைக் கேளாத ஒருவர் வாங்க, நடுவே நின்று இருவருக்கும் உறுதி கூறியது பாடியவரின் பெயர் ஒன்றே. இவ்வியாபாரத்தின் தன்மை முதல் நாளிலேயே இவ்வாறு அமைந்துவிட்டது.

பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கினால் ஆனது. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் சிறு பூச்சி சுரப்பதே அரக்கு. அதனுடன் கற்பொடியும் கரியும் பிறவும் கலந்து, சூடாக்கி, அச்சுக்களின் நடுவே வைத்து அழுத்தினால் தட்டு ஆயிற்று. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம் பாடும். ஒரு மணி நேரம் ராகம் பாடும் வித்துவானும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் தம் வித்தையை அடக்கியாகவேண்டும். தட்டு கைதவறி விழுந்தாலோ, அப்பளம்தான்!

சென்னையில் பதிவான தமிழ்ப் பாட்டுகளும் மெழுகுத் தட்டுகளாக இங்கு வந்து, அரக்குத் தட்டுகளாகத் திரும்பின. ஹௌராவுக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையே ரயில் பாதை ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். கல்கத்தாவில் குடியேறிய தமிழர் தமக்குப் பிடித்த பாட்டைச் சென்னைக் கடைக்கு எழுதித் தருவித்தபோது, டம்டத்தில் பிறந்த தட்டு சென்னை சென்று, மறுபடி கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தது. நமக்கு எட்டுக் கல் தொலைவில் அச்சான நம் மொழிப் பாட்டு, இரண்டாயிரம் மைல் சுற்றி நம் வீட்டுக்கு வந்தது. நம் வாழ்க்கையும் ஏறக்குறைய அவ்வாறானதே என்று நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

உடையவர் பொறுப்பு

பெரிய நகரத்துக் கடைகளில் தட்டைப் போட்டுக் காட்டும் வழக்கம் இருந்தது. வெளியூர்வாசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கம்பெனியின் விலைப்பட்டியலைப் பார்த்து எண்ணைக் குறித்து எழுதவேண்டும். பார்சல் வி.பி.பி.யில் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்த பின்னரே கட்டைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது முழுத் தட்டா, இரண்டு பிறையா என்பது அப்போதுதான் தெரியும். ரயில்வேயில் ‘ரயில்வே பொறுப்பு’, ‘உடையவர் பொறுப்பு’ என இருவகைக் கட்டணம் உண்டென்பதைச் சரக்கு அனுப்பிய அன்பர்கள் அறிவர். கேளாமல் சங்கீதம் வாங்கியவர் யாவரும் உடையவர் பொறுப்பில் வாங்கியவர்களே.

சீட்டில் அச்சிட்ட சித்திரத்தில் நாய் ஒன்று ஊதுகுழலின் முன் அமர்ந்து காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் கேளாத பாட்டை அந்த நாய் கேட்டுவிட்டது என்பதே ஒரே ஆறுதல்!

ஆயினும் நம்மவர் குருட்டுத்தனமாக வாங்கினர் என்று சொல்வதற்கில்லை. கர்நாடக சங்கீதத்தில் பாட்டு பெரும்பாலும் முன்பே தெரிந்தது. கிருதியும் ராகமும் தாளமும் சீட்டிலேயே இருக்கும். பின்னாளில் வந்த எல்.பி. தட்டின் உறையில் பக்கவாத்தியக்காரர் பெயர்களும் இருக்கும். அவற்றைப் படித்த மாத்திரத்தில் ரசிகர் மனத்தில் பாதிக் கச்சேரி நடந்துவிடும். இந்த வித்துவான் இதனை எவ்வாறு கையாண்டிருப்பார் என்பது ஒன்றே தெரியாதது. அந்த ஒன்றை அறியவே அவர் விலை கொடுத்தார். 1963-இல் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்தபோது, அதனை முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று எத்தனை இல்லத்தரசிகள் நினைத்திருப்பார்கள்? பெயரே போதுமானதாயிருந்தது.

ஏமாற்றங்களும் உண்டு. உறையில் வேலும் மயிலும் வண்ணமாக ஜொலிக்க, உள்ளே சுருதி சேராத குரல் அமர்ந்திருப்பதும் நேர்ந்தது. ஆனால் வாங்கிய தட்டை எறிவார் இல்லை. வீட்டில் இருப்பது பத்துத் தட்டானால், அந்தப் பத்தையும் மாற்றி மாற்றிப் போட்டாகவேண்டும். முதல் முறை பிடிக்காத பாட்டு ஐந்தாம் முறை பழகியது. பத்தாம் முறை அதன் நுட்பம் புலப்பட்டது. செலவழித்த காசு காதுக்குப் பொறுமை கற்பித்தது. இன்று கைபேசியில் உலகத்துச் சங்கீதம் அனைத்தும் காத்திருக்கிறது. அதே கம்பெனியின் வழிவந்த ஸாரிகம நிறுவனம் 2017-இல் 5,000 பாடல்களை ஒரே பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. வசதி பெரிது, குறை சொல்லத் தகாது. ஆனால் அரை நிமிஷம் கேட்டுப் பிடிக்காவிட்டால் விரல் அடுத்ததற்குத் தாவுகிறது. பத்தாம் முறையில் திறக்கும் கதவு, தட்டப்படாமலே நிற்கிறது.

பிரீ ஸ்கூல் தெரு

டம்டத்திலிருந்து மெட்ரோவில் ஏறிப் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கிச் சற்று நடந்தால் பிரீ ஸ்கூல் தெருவை அடையலாம். மிர்ஸா காலிப் தெரு என்பது இன்றைய பெயர். மக்கள் நாவில் பழைய பெயரும் வாழ்கிறது. பழைய புத்தகமும் பழைய இசைத்தட்டும் விற்கும் சிறு கடைகள் இங்கு உள்ளன. தட்டுகள் தரைமுதல் கூரைவரை செங்கல்போல் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றை உருவினால் ஒன்பது சரியுமோ என்று அச்சமாயிருக்கும்.

இங்கும் பல சமயம் கேளாமலே வாங்கவேண்டும். எனவே கண்ணையே காதாகக் கொள்ளவேண்டும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருமை பளபளத்தால் நலம். சாம்பல் பூத்திருந்தால் ஊசி பலமுறை உழுத நிலம் என்று கொள்க. கண்ணுக்கு நேராகப் பிடித்தால் வளைவு தெரியும். நடுத் துளையைச் சுற்றிக் கீறல் மிகுந்திருந்தால் அடிக்கடி ஓடிய தட்டு. அரக்குத் தட்டை விரலில் தாங்கி மெல்லச் சுண்டினால், விரிசல் இல்லாதது மணிபோல் ஒலிக்கும். விரிசலுற்றது மண் சட்டிபோல் ஒலிக்கும். நம் பெண்மணிகள் பானை வாங்கும் அதே சாமர்த்தியம்! உறையும் தட்டும் ஒன்றுக்கொன்று உரியனவா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். வேறொருவர் சட்டையை அணிந்த தட்டுகள் இங்கு ஏராளம்.

சென்ற மழைக்காலத்தில் அத்தகைய கடை ஒன்றில், பழைய ஹிந்திப் படப்பாட்டுகளுக்கு இடையே நான்கு தென்னாட்டுத் தட்டுகளைக் கண்டேன். கடைக்கார முதியவரிடம் இயந்திரம் பழுது. “மதராஸிப் பாட்டு, பாபு, என்ன எழுதியிருக்கிறதென்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள்” என்றார். ஒன்றின் சீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் பெயரும், நாகஸ்வரம், தோடி என்பனவும் இருந்தன. 1956-இல் மறைந்த அம்மேதையின் தோடியைப் பற்றி நம்மவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் கண்ணை நிறுத்தியது அதுவன்று. பழுப்பேறிய காகித உறையின் மூலையில், பேனா மையில், தமிழில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: “மாப்பிள்ளை அழைப்பு - இரண்டாம் பக்கம்.”

இந்நகரில் எவரோ ஒரு தமிழர் இல்லத்தில் கல்யாணம் நடந்திருக்கிறது. மேளக்காரரைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைக்க வசதி இருந்திராது. ஆகவே தட்டைச் சுழலவிட்டு மாப்பிள்ளையை அழைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்தைப் போடுவது என்பது மறந்துபோகாதிருக்கக் குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னர் அக்குடும்பம் இடம் பெயர்ந்திருக்கும். பரணில் கிடந்தது பழைய சாமான்காரரின் கூடைக்குப் போயிருக்கும்.

விலை கொடுத்து வாங்கி வந்தேன். வாங்கிய பின்னும் கேட்க முடியவில்லை. இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் 78 சுற்று இல்லை. அத்தட்டின் அகன்ற பள்ளத்துக்கு வேறு ஊசியும் வேண்டும். பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்காளி ஆசிரியர் ஒருவரிடம் சாவி கொடுக்கும் பழைய பெட்டி உண்டு. மாஸ்டர்மஷாய் புது ஊசி பொருத்தி, இரண்டாம் பக்கத்தைப் போட்டார். முதலில் தகரக் கூரைமேல் மழை பெய்வதுபோன்ற இரைச்சல். அம்மழையைப் பிளந்துகொண்டு நாகஸ்வரம் எழுந்தது. மூன்று நிமிஷமும் அவர் அசையவில்லை. “இது என்ன வாத்தியம்?” என்று கேட்டார். கல்யாண வாத்தியம் என்றேன். உறையின் வரியையும் படித்துப் பொருள் சொன்னேன். “எங்கள் ஸானாய் போல” என்று தலையசைத்துவிட்டு, நான் கேளாமலே மறுபடி ஊசியை மாற்றினார்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடைக்காரர் அத்தட்டைக் கேளாமலே விற்றார். நான் கேளாமலே வாங்கினேன். ஆயினும் கடையில் கேட்டு வாங்கியிருந்தாலும் அந்தக் கல்யாணம் என் காதில் விழுந்திராது. அது ஒலியில் இல்லை. மூலையில் எழுதிய வரியில் இருந்தது. அவ்வரியை அத்தெருவில் படிக்கக்கூடியவர் நம்மில் ஒருவராகவே இருக்கமுடியும்.

லேக் மார்க்கெட்டைச் சுற்றி ஒரு காலத்தில் தெருத் தெருவாக வாழ்ந்த நம் குடும்பங்கள் குறைந்துவருவதை யாவரும் அறிவோம். வீடு காலி செய்யும் அவசரத்தில் பரணிலுள்ள தட்டுகள் எடைக்குப் போகின்றன. போவதற்கு முன் ஒரு பிற்பகலை அவற்றுக்கு ஒதுக்குங்கள். சீட்டிலும் உறையிலும் உள்ளதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, எந்தத் தட்டு எப்போது வந்தது, யார் கேட்டது என்று வினவுங்கள். எல்.பி. தட்டில் வங்காளத்து ஈரத்தால் பூசணம் படர்ந்திருந்தால், சீட்டு நனையாமல் மென்மையான சோப்பு நீரால் துடைக்கலாம். அரக்குத் தட்டை ஒருபோதும் ஸ்பிரிட்டினால் துடைக்கலாகாது, அரக்கு கரைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வைத்துக்கொள்ள இயலாதவர்கள் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். நூல்களோடு இசைத்தட்டுகளையும் பேணும் இடம் அது.

அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வந்தால், காளிகட்டத் தரிசனம் முடிந்தபின் அவர்களைப் பிரீ ஸ்கூல் தெருவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அந்த நான்கில் மீதி மூன்று தட்டுகள் அங்கே இன்னும் இருக்கலாம். கையில் எடுத்துச் சீட்டைப் படியுங்கள்; உறையின் மூலையையும் பாருங்கள்.