எழுதுவதற்கு வீடு போதும்

எழுத விஷயமே கிடைக்கவில்லை என்பவர்கள் குறுந்தொகையின் 167ஆம் பாடலைப் படிக்க வேண்டும். தயிர் பிசைந்த விரல், கழுவாமல் உடுத்திய சேலை, தாளிப்புப் புகை ஏறிய கண். கணவன் ருசித்துச் சாப்பிட, சமைத்த மனைவியின் முகத்தில் மெல்லிய மலர்ச்சி. அவ்வளவுதான். அதைப் பாடிய கூடலூர் கிழாருக்கு ஒருவேளைச் சாப்பாடே கவிதைக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கதை சமூகத்தைத் தொடாது என்பார்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதை அதற்குப் பதில்: சமையலறைக்கு வீட்டில் எந்த இடம் என்பதே அதிகாரம் யாரிடம் என்று காட்டிவிடுகிறது. வீட்டாரின் அந்தரங்கம் வெளிப்பட்டுவிடுமே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் ஆளையும் ஊரையும் மாற்றி எழுதலாம். உணர்ச்சி உண்மையாக இருந்தால் போதும். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.