எதிரெதிரே நிற்காத இருவர்

டாம் பிரேடியும் பேட்டன் மேனிங்கும் 17 முறை ‘மோதினார்கள்’ என்று அமெரிக்கக் கால்பந்து பற்றி எழுதுபவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். இருவருமே குவார்ட்டர்பேக். பந்து தன் அணியிடம் இருக்கும்போது மட்டும்தான் அவருக்குக் களத்தில் வேலை. கை மாறினால் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். ஒருத்தர் ஆடும்போது இன்னொருத்தர் வெறும் பார்வையாளர்.

1998இல் முதல் ஆளாகத் தேர்வானவர் மேனிங். 2000இல் 199ஆவது ஆளாக வந்தவர் பிரேடி. நான் மேனிங் கட்சி. பந்து கைக்கு வருமுன் கையை ஆட்டி, கத்தி, போட்ட திட்டத்தையே மாற்றுவாரே, அதற்காக. என் நண்பன் பிரேடி பக்தன். “11 பெரிசா, 6 பெரிசா?” என்பான். கணக்கு சரிதான். ஆனா பிளேஆஃபில் சந்தித்த ஐந்தில் மூன்று மேனிங்குக்கு!

2007 ஜனவரியில் 21–3 என்று பின்தங்கிய கோல்ட்ஸை 38–34க்குக் கொண்டுவந்தார் மேனிங். ஆனால் கடைசி நிமிடத்தில் பந்து பிரேடி கையில். மேனிங் ஓரத்தில். பிரேடி எறிந்ததைக் கோல்ட்ஸ் வீரர் ஒருவர் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

2016 ஜனவரியில் கடைசிச் சந்திப்பு. கழுத்து அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு மேனிங்கின் எறிதலில் பழைய வேகம் இல்லை. டென்வரைக் காப்பாற்றியது தடுப்பாட்டம்தான். 12 நொடி இருக்கையில் பிரேடி டச்டவுன் எறிந்தார். 20–18. சமன் செய்ய இன்னும் இரண்டு புள்ளி வேண்டும். பிரேடி எறிந்த பந்து டென்வர்காரர் கைக்குப் போனது. அப்போதும் மேனிங் ஓரத்தில்தான்.