பாட்டியாரின் பேச்சும் பழைய கணிப்பொறியும்

ஊரை விட்டு வெகுதொலைவு வந்து குடியேறிய நம் போன்ற குடும்பங்களுக்கு, முன்னாளில் கடிதம் செய்த பணியை இந்நாளில் வீடியோப் படம் செய்து வருகிறது. காதணி விழா, வளைகாப்பு, புதுமனை புகுதல் ஆகிய எதற்கும் விடுப்புப் பெற்று நேரில் செல்வது அரிதாகிவிட்டது. உறவினர் கைப்பேசியில் பிடித்து அனுப்பும் படத்தை வீட்டுக் கணிப்பொறியில் இட்டு, குடும்பத்தோடு அமர்ந்து காண்பதே நமக்கு வாய்த்த கொடுப்பினை. அந்தப் படமும் நின்று நின்று, தத்தித் தத்தி ஓடுமாயின் உண்டாகும் வருத்தம் சிறிதன்று. இத்தொல்லை நம் சங்கத்து அன்பர் பலருடைய இல்லங்களிலும் உண்டு என்பதை அறிவோம். ஆதலின், எங்கள் இல்லத்தில் அதன் காரணத்தைத் தேடிக் கண்ட வகையைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

எங்கள் பாட்டியார், அதாவது தந்தையாரைப் பெற்றவர், லால்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்து சென்ற தைத் திங்களில் காலமானார். அதற்குச் சில மாதங்கள் முன்னர், எங்கள் சிறிய தந்தையாரின் மகன் தம்முடைய புதிய கைப்பேசியில் அவரைப் பேசவைத்து ஒன்பது நிமிடப் படம் ஒன்று எடுத்து வைத்திருந்தார். குலதெய்வத்துக்குப் படையல் இடும் முறை, மாவிளக்குக்கு எந்த அரிசியை இடிப்பது, முதற்பொங்கலை எந்த முன்னோர் பெயரில் வைப்பது, கோயில் நிலத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் உள்ள பழைய தொடர்பு யாது என்பனவெல்லாம் அவர் ஒருவருக்கே முழுமையாகத் தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சென்று நாகபுரிக்குத் திரும்புகையில் அப்படத்தைப் பென் டிரைவ் ஒன்றில் வாங்கி வந்தோம்.

வீட்டில் இருப்பது 2014ஆம் ஆண்டு வாங்கிய கணிப்பொறி. அதில் இட்டதும் பாட்டியாரின் முகம் உறைந்து நின்றது. குரல் மட்டும் சிறிது தூரம் ஓடிப் பின் அதுவும் அறுந்தது. மீண்டும் முகம் அசைந்தபோது உதடு ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொல்லிற்று. முதற்பொங்கல் யார் பெயரில் என்று அவர் கூறுமிடத்தில் அந்தப் பெயர் மட்டும் விழுங்கப்பட்டது. நாகபுரியிலேயே பிறந்து, பாட்டியாரை இரண்டே முறை கண்டிருந்த எங்கள் இளைய மகள், "அப்பா, கொள்ளுப் பாட்டிக்குத் திக்குவாயா?" என்று கேட்டாள். ஊர்க்கூட்டத்தில் ஆடவரையெல்லாம் வாயடைத்து உட்காரவைத்த அம்மையாரைப் பற்றி அவர்தம் கொள்ளுப்பேத்தி கொண்ட எண்ணம் இது! இதை இப்படியே விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

யோசனை கூறுவோருக்குக் குறைவில்லை. கடைவீதியில் கணிப்பொறி பழுது பார்க்கும் ஒருவர், பொறி கிழடாகிவிட்டது, நாற்பத்தையாயிரம் ரூபாயில் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார். வேறொருவர் இணையத்தின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். இது வேடிக்கையான யோசனை. படமோ பென் டிரைவில் இருக்கிறது. இணையக் கம்பியை அடியோடு கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம், அதே தத்தல்தான்.

இரயில்வேயில் ஒரு வண்டி ஒன்றரை மணி தாமதமாக வந்தால், வந்து சேர்ந்த நிலையத்தின் மேல் பழியைப் போடுவதில்லை. எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் இழந்தது, சிக்னலாலா, எஞ்சினாலா, முன்னே சென்ற கூட்ஸ் வண்டியாலா என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கு எழுதுவர். வீடியோப் படத்துக்கும் இந்த முறை நன்கு பொருந்தும். படம் முதலில் சேமிப்பிடத்திலிருந்து புறப்படுகிறது. பின்னர் கணிப்பொறியின் மூளையாகிய பிராசசர் அதை விரித்துத் தருகிறது. இறுதியில் திரைக்கு வந்து சேர்கிறது. திரையில் தெரியும் தாமதம் இவற்றுள் எங்கே நேர்ந்தது என்று காணாமல் பணம் செலவிடுவது அறிவுடைமை ஆகாது.

பதிவே கெட்டிருக்குமோ என்ற ஐயம் எளிதில் நீங்கிற்று. எடுத்தவரின் கைப்பேசியில் அது தங்குதடையின்றி ஓடியதை ஊரிலேயே கண்டிருந்தோம். எங்கள் கணிப்பொறியிலும் பழைய திரைப்படங்கள் யாவும் நன்றாகவே ஓடின. இந்த ஒரு படத்துக்கு மட்டுமே இக்கதி.

அடுத்துச் சேமிப்பிடம். ஒன்பது நிமிடப் படம் ஏறக்குறைய 3,600 மெகாபைட் இடம் கொண்டிருந்தது. 540 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு ஆறு ஏழு மெகாபைட் வந்து சேரவேண்டும். மலிவான பென் டிரைவும் இவ்வளவு கொடுக்கக்கூடியதே. இருப்பினும், படத்தைக் கணிப்பொறியின் வன்தட்டில் நகல் எடுத்து அங்கிருந்து ஓட்டினோம், மாற்றம் இல்லை. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எப்போது ஓட்டினாலும் படம் ஒரே இடத்தில் நின்று, வன்தட்டிலிருந்து டிக் டிக் என ஒலியும் எழுமாயின், தட்டு தேய்ந்து வருகிறது என்று கொள்ளலாம். அப்போது மற்ற ஆராய்ச்சிகளை ஒதுக்கிவிட்டு, அதிலுள்ள அரிய படங்களை முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் படம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்திலேயே நின்றது.

இனி மூளையைப் பார்ப்போம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் திறக்கும். பொறியின் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை அது நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். பாட்டியாரின் படம் ஓடுகையில் வன்தட்டு ஏறத்தாழச் சும்மா இருந்தது. நினைவகத்தில் பாதிக்கு மேல் காலி. பிராசசரோ நூற்றுக்கு நூறு! பழைய திரைப்படத்தை ஓட்டியபோது அதே பிராசசர் இருபதைத் தாண்டவில்லை. தாமதம் நேர்ந்த பகுதி இன்னதென்று ஐயமறத் தெரிந்தது.

பொறி சூடேறினாலும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாகபுரியின் மே மாத வெயில் யாவரும் அறிந்ததே. ஆகவே பொறியை அணைத்து, மூடியைத் திறந்து, விசிறியில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த தூசியை மெல்லிய தூரிகையால் அகற்றினோம். இரைச்சல் குறைந்தது, தத்தல் குறையவில்லை.

ஒரு முதியவளின் ஒன்பது நிமிடப் பேச்சு மூளையை இவ்வளவு வருத்துவது ஏன்? பெருக்கல் தெரிந்தால் போதும், இதற்கு விடை கிடைத்துவிடும். அந்தக் கைப்பேசி 4கே என்னும் அளவில், விநாடிக்கு 60 தனிப்படங்கள் வீதம் பதிவு செய்திருந்தது. ஒரு தனிப்படத்தில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 என 82,94,400 புள்ளிகள். விநாடிக்கு ஏறத்தாழ 49 கோடியே 76 லட்சம். இவ்வளவையும் அப்படியே எழுதிவைத்தால் சாதாரணப் பென் டிரைவ் கொள்ளாது. எனவே சுருக்கி எழுதுகின்றனர். பாட்டியாருக்குப் பின்னால் இருந்த திண்ணைச் சுவர் ஒன்பது நிமிடமும் அசையவில்லை. அதை ஒவ்வொரு தனிப்படத்திலும் புதிதாக எழுதவேண்டியதில்லை. உதடும் கையும் அசைந்த மாறுதலை மட்டும் குறித்தால் போதும். ஓட்டும்போது அக்குறிப்பிலிருந்து முழுப்படத்தை மீண்டும் விரித்தாக வேண்டும்.

இவ்வாறு சுருக்கும் முறைகளுள் எச்.264 என்பது 2003இல் வந்தது, எச்.265 என்பது 2013இல் வந்தது. பின்னது ஏறத்தாழப் பாதி இடத்திலேயே அதே தெளிவைத் தரவல்லது. ஆயின் விரிப்பதற்கு உழைப்பு மிகுதி. எங்கள் பொறியிலுள்ளது 2013இல் வெளிவந்த இன்டெல் நான்காம் தலைமுறைப் பிராசசர். எச்.264ஐ விரிப்பதற்கென்றே அதில் தனி உறுப்பு உண்டு, எச்.265க்கு இல்லை. 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் அது சேர்க்கப்பட்டது. தனி உறுப்பு இல்லாத பொறி அவ்வேலை முழுவதையும் தன் பொது மூளையைக் கொண்டே செய்து மூச்சுத் திணறுகிறது. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. எங்கள் திரையின் அளவு 1,920க்கு 1,080 புள்ளிகளே. அரும்பாடு பட்டு விரித்த நான்கு புள்ளிகளில் மூன்றைத் திரை காட்டவே போவதில்லை!

பரிகாரம் எளிது, காசும் செலவில்லை. ஹேண்ட்பிரேக் என்றொரு இலவச மென்பொருள் உண்டு. பெயர் பிரேக்கைக் குறித்தாலும் படத்தை ஓடவைப்பதே அதன் வேலை. அதில் படத்தைத் திறந்து, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற முறையைத் தேர்ந்து, தனிப்படங்களின் வேகத்தைச் சீராக வைக்கும் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதையும் குறித்துத் தொடங்கிவிட வேண்டும். கைப்பேசிப் பதிவில் இவ்வேகம் கூடியும் குறைந்தும் இருப்பதுண்டு. உதடும் ஒலியும் பிரிவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். இம்முறையில் எச்.264 வகையில், விநாடிக்கு 6 கோடியே 22 லட்சம் புள்ளிகளுடன், அதாவது எட்டில் ஒரு பங்குச் சுமையுடன், புதிய நகல் உருவாகும். எங்கள் கிழப்பொறிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆகட்டுமே! இரவுச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கினோம். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்தபோது முடிந்திருந்தது.

புதிய நகல் அரை ஜிகாபைட்டுக்குள் அடங்கிற்று. ஓட்டினோம், பிராசசர் சோம்பலாக ஒரு மூலையில் உழைத்தது. பாட்டியார் இடையறாது பேசினார். "கார் அரிசிதாண்டா இடிக்கணும், கடையில வாங்குன மாவக் கொண்டாந்து வச்சியோ, அம்மாகிட்ட நீயே பதில் சொல்லிக்க" என்று அவர் அதட்டியபோது இளையவள் உரக்கச் சிரித்தாள். முதற்பொங்கலுக்குரிய பெயரையும், அவருக்கு முந்திய இரு தலைமுறைப் பெயர்களையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். வரும் ஆடியில் ஊர் செல்லும்போது அந்த நோட்டும் உடன் வரும்.

இணையத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் காட்டும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. யூடியூப் படத்தின் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்றொரு வரி வரும். அதைத் திறந்தால் கைவிடப்பட்ட தனிப்படங்களின் எண்ணிக்கையும், முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும் படத்தின் அளவும் தெரியும். முதல் எண் ஏறிக்கொண்டே போனால் குறை பொறியில். இரண்டாவது அடிக்கடி பூச்சியத்துக்கு இறங்கினால் குறை இணைப்பில். முதல் வகைக் குறைக்கு இணையக் கட்டணத்தைக் கூட்டிப் பயனில்லை. இரண்டாவதற்குப் புதுப்பொறி வாங்கிப் பயனில்லை. இரண்டுக்குமே, படத்தின் தரத்தை 1080இலிருந்து 480க்குக் குறைத்துப் பார்ப்பது முதல் மருந்து.

புதிய கணிப்பொறியே கூடாது என்பது எங்கள் கட்சியன்று. எங்களுடையது விண்டோஸ் 10இல் ஓடுவது. அதற்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே வங்கிக் கணக்கு முதலியவற்றை அதில் தொடுவதில்லை. காசு சேர்ந்தபின் புதிது வாங்குவோம். படம் தத்துகிறது என்பதற்காக அன்று.

மூலப்படத்தை அழிக்கவில்லை. சுருக்கிய நகலில் போன புள்ளிகள் திரும்ப வாரா. பின்னர் வாங்கும் பொறி மூலத்தையே நேராக ஓட்டக்கூடும். ஒரு பிரதி எங்களிடம் தனி வன்தட்டில் இருக்கிறது. மற்றொன்று திருச்சியில் தம்பி வீட்டில். பென் டிரைவ் ஒன்றையே நம்பிப் பெட்டியில் பூட்டிவைப்பது தகாது. மின்சாரம் காணாமல் பல்லாண்டு கிடந்தால் அதிலுள்ள பதிவு கெட்டுப்போகக்கூடும். படம் எடுத்த தம்பிக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்: எங்களுக்கு அனுப்பும் படங்களை இனி 1080 அளவில், விநாடிக்கு 30 வீதம் பிடித்தால் போதும், கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்றிருப்பின் அதைத் தேர்க. பெரிய அத்தையாரையும் விரைவில் உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருக்கிறோம். அவருக்கும் எண்பத்து நான்கு ஆகிறது.